செக் எப்போது பணமாகிறது? விசைத்தறிக்காரர் ஒருவரின் கேள்விக்கு விரிவான பதில்

கேட்டவர் சித்தோடு பக்கம் விசைத்தறி ஓட்டுபவர். ஈரோட்டுத் துணி வியாபாரி ஒருவர் கொடுத்த 3,80,000 ரூபாய் செக்கைக் காலை 11 மணிக்குத் தம் வங்கியில் போட்டிருக்கிறார். 3 மணி நேரத்தில் பணம் ஏறிவிடும் என்று செய்தியில் படித்திருந்தும் மறுநாள் மதியம்தான் ஏறியதாம். பொய் சொன்னது செய்தியா, வங்கியா என்று கேட்கிறார். கூடவே இன்னும் மூன்று கேள்விகள் வைத்திருக்கிறார்: இன்னொரு பார்ட்டி யு.பி.ஐ.யில் அனுப்பி வெற்றி என்ற திரையையும் காட்டிய பணம் ஒரு நாள் கழித்து வந்தது ஏன். 2,000 ரூபாய்க்கு மேல் அனுப்பினால் வரி என்று கைப்பேசியில் சுற்றும் தகவல் உண்மையா. செயலிகளெல்லாம் வெளிநாட்டுக் கம்பெனிகளுடையவை என்கிறார்களே, அவர்கள் நிறுத்திவிட்டால் நம் பணம் என்னாகும். நான்கையும் சேர்த்துப் படித்தால் அவர் உண்மையில் கேட்பது ஒன்றுதான் என்று எனக்குப் படுகிறது. கொடுத்தவர் கையைவிட்டுப் போன பணம் எந்த நேரத்தில் என்னுடையது ஆகிறது, ஆகிவிட்டது என்று யார் சொன்னால் நம்பலாம்?

ஈரோடு, திருப்பூர், கோவை வங்கிக் கிளைகளில், வங்கிகளுக்கிடையே செக்குகளைப் பரிமாறிக் கணக்குத் தீர்க்கும் கிளியரிங் பிரிவில் நெடுங்காலம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் இதற்குப் பதில் எழுதுகிறேன். விதிகள் என்ன சொல்கின்றன என்பதை உறுதியாகச் சொல்ல முடியும். உங்கள் செக்குக்கு என்ன நடந்தது என்பதை உங்கள் ரசீதையும் வங்கியின் பதிவையும் பார்க்காமல் யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. அந்த இடத்தில் நான் எழுதுவது அனுபவத்தை வைத்துச் செய்யும் ஊகமே. வழக்கு, நோட்டீஸ் என்று போகும் விஷயங்களுக்கு வக்கீலைத்தான் பார்க்க வேண்டும்.

செக் என்பது பணம் அன்று. என் கணக்கிலிருந்து இவருக்கு இவ்வளவு கொடு என்று வியாபாரி தம் வங்கிக்கு எழுதும் கட்டளை அது. உங்கள் வங்கி அந்தக் கட்டளையை அவருடைய வங்கிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அவருடைய வங்கி கணக்கில் பணம் இருக்கிறதா, கையெழுத்து ஒத்துப்போகிறதா என்று பார்த்துச் சம்மதிக்க வேண்டும். பிறகு அந்த வங்கி உங்கள் வங்கிக்குப் பணத்தைக் கொடுத்துக் கணக்குத் தீர்க்க வேண்டும். இவ்வளவும் முடிந்த பிறகு உங்கள் கணக்கில் ஏறுவதுதான் பின்வாங்காத வரவு. சில வங்கிகள் தெரிந்த வாடிக்கையாளருக்கு இதற்கு முன்பே ஒரு வரவைக் காட்டுவதுண்டு, ஆனால் அது உங்கள் மீதுள்ள நம்பிக்கையில் அவர்கள் தரும் முன்பணம்தான். செக் திரும்பினால் அதுவும் திரும்பிப் போய்விடும்.

காகிதமே ஊர் சுற்றிய காலத்தில் இந்த மூன்று வேலைகளும் ஒரே அறையில் கண்ணெதிரே நடந்தன. ரிசர்வ் வங்கியின் அலுவலகம் இல்லாத ஊர்களில் பெரும்பாலும் ஸ்டேட் பாங்க்தான் கிளியரிங் ஹவுஸை நடத்தியது. ஒவ்வொரு வங்கியிலிருந்தும் ஒருவர், பிற வங்கிகளின் மேல் எழுதப்பட்ட செக்குகளை வங்கிவாரியாகப் பிரித்து, முகப்பில் கிளியரிங் முத்திரை குத்தி, ஒவ்வொரு கட்டின் மேலும் கூட்டல் பட்டியலைச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டு எடுத்து வருவார். கட்டுகளை மாற்றிக்கொண்ட பின் அத்தனை வங்கிகளும் கொடுத்த மொத்தமும் வாங்கிய மொத்தமும் ஒரு பைசா பிசகாமல் சமமாக வேண்டும். சமமாகாத நாளில் யாரும் எழுந்து போக முடியாது. எங்கோ ஓர் 1, 7 ஆகப் படிக்கப்பட்டிருக்கும், அல்லது ஒரு செக் அடுத்த வங்கியின் கட்டுக்குள் புகுந்திருக்கும், அதைக் கண்டுபிடித்த பிறகே எல்லாருக்கும் விடுதலை. கணக்கு நேரானதும், ஒரு வங்கி இன்னொன்றுக்கு 40 லட்சம் தர வேண்டும், அது இதற்கு 35 லட்சம் தர வேண்டும் என்றால், 75 லட்சத்துக்கு நோட்டுக்கட்டு கைமாறத் தேவையில்லை. வித்தியாசமான 5 லட்சம் மட்டும் ஒரு கணக்கிலிருந்து மற்றொரு கணக்குக்கு மாறும். பணமில்லாமலோ கையெழுத்து ஒவ்வாமலோ போன செக்குகள் அதற்கான தனிக் கூட்டத்தில் ரிட்டர்ன் மெமோவோடு திரும்பி வரும். அந்த ரிட்டர்ன் நேரம் கடக்கும்வரை ஒரு செக் பாஸ் ஆகிவிட்டது என்று எந்தக் கணக்கரும் வாய் திறந்து சொல்ல மாட்டார். சந்தைக்கு நூல் எடுக்கப் போகிறவர் "பாஸ் ஆயிடுச்சுங்களா" என்று கவுண்டருக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டே இருப்பார். இன்னும் ரிட்டர்ன் வரலைங்க, கொஞ்சம் பொறுங்க என்பதுதான் நேர்மையான பதிலாக இருந்தது.

இன்று காகிதம் நகர்வதில்லை. செக்கின் படத்தை அனுப்பும் முறை 2008 பிப்ரவரியில் புது டெல்லியில் தொடங்கி, 2011இல் சென்னைக்கும் 2013இல் மும்பைக்கும் வந்து, பிறகு நாடு முழுவதற்கும் விரிந்தது. இதைத்தான் சி.டி.எஸ். என்கிறார்கள். நீங்கள் போட்ட செக் உங்கள் வங்கியிலேயே தங்கிவிடுகிறது. முன்பக்கத்துக்கு இரண்டு படமும் பின்பக்கத்துக்கு ஒரு படமும் எடுக்கப்பட்டு, அடியில் காந்த மையில் அச்சிட்ட எண்களோடு சேர்த்து அனுப்பப்படுகின்றன. அந்த எண் வரிசையைச் செக்கை எடுத்து ஒருமுறை பாருங்கள். முதல் 6 இலக்கம் செக் எண். அடுத்த 9 இலக்கத்தில் முதல் மூன்று ஊரையும் நடு மூன்று வங்கியையும் கடைசி மூன்று கிளையையும் காட்டும். ஊருக்கான மூன்று இலக்கம் அஞ்சல் குறியீட்டின் முதல் மூன்று இலக்கமே என்பதால் கோவைச் செக்கில் 641, ஈரோட்டுச் செக்கில் 638, கரூர்ச் செக்கில் 639 என்று இருக்கும். அந்தப் பட்டையின் மேல் முத்திரையோ கையெழுத்தோ பட்டால் எந்திரம் தடுமாறும். அதனால்தான் அங்கே எதுவும் எழுதாதீர்கள் என்று வங்கியில் மீண்டும் மீண்டும் சொல்கிறோம்.

இனி உங்கள் 3 மணி நேரத்துக்கு வருகிறேன். நீங்கள் படித்த செய்தி கற்பனை அன்று. ஆனால் அதற்குள் பல தேதிகள் ஒன்றாகக் கலந்திருக்கின்றன. செக்குகளை நாளுக்கு ஒரு தொகுப்பாகத் தீர்ப்பதை விட்டுவிட்டு வர வரத் தீர்க்கப்போகிறோம் என்று ரிசர்வ் வங்கி முதலில் சொன்னது 2024 ஆகஸ்ட் 8 அன்று, நாணயக் கொள்கை அறிவிப்போடு. அது நோக்கம் மட்டுமே. வங்கிகளைக் கட்டுப்படுத்தும் சுற்றறிக்கை வந்தது ஓராண்டு கழித்து, 2025 ஆகஸ்ட் 13 அன்று. அதில் இரண்டு கட்டங்கள் சொல்லப்பட்டிருந்தன. 2025 அக்டோபர் 4 முதல் தொடங்கிய முதல் கட்டத்தில், வங்கிகள் செக் படங்களைக் காலை 10 மணி முதல் மாலை 4 மணி வரை இடைவிடாமல் அனுப்ப வேண்டும். பணம் கொடுக்க வேண்டிய வங்கி அன்று இரவு 7 மணிக்குள் சம்மதமோ மறுப்போ சொல்லியாக வேண்டும். சொல்லத் தவறினால் சம்மதித்ததாகவே கொள்ளப்படும். 2026 ஜனவரி 3 முதல் என்று அறிவிக்கப்பட்ட இரண்டாம் கட்டத்தில்தான் அந்த 3 மணி நேரம் இருந்தது: 10 மணிக்கும் 11 மணிக்கும் இடையில் வந்த செக்குக்குப் பிற்பகல் 2 மணிக்குள் பதில் வர வேண்டும் என்ற கணக்கு. அந்த இரண்டாம் கட்டத்தை 2025 டிசம்பர் கடைசியில், அது தொடங்குவதற்குச் சில நாள்களுக்கு முன்பு, மறு அறிவிப்பு வரும்வரை ரிசர்வ் வங்கி தள்ளிவைத்தது. செக் அனுப்பும் நேரத்தையும் காலை 9 முதல் பிற்பகல் 3 மணி வரை என்று மாற்றி, பதில் சொல்லும் கெடுவை இரவு 7 மணியாகவே வைத்தது.

ஆகவே 3 மணி நேரம் என்பது ஆவணத்தில் இருந்த ஏற்பாடு. நடைமுறைக்கு வராமல் நிற்கும் ஏற்பாடு. தொடங்கப்போகிறது என்ற செய்தி முதல் பக்கத்தில் வந்து ஊர் முழுக்கப் பரவியது; தள்ளிவைக்கப்பட்டது என்ற செய்தி உள்பக்கத்தில் நாலு வரியாக வந்தது, அதைப் படித்தவர்கள் குறைவு. வங்கிச் செய்திகளில் நான் திரும்பத் திரும்பப் பார்க்கும் கோளாறு இதுதான், யாரும் வேண்டுமென்று பொய் எழுதுவதில்லை. ஆளுநர் பேசிய தேதி, சுற்றறிக்கை வந்த தேதி, நடைமுறைக்கு வரும் தேதி என்று மூன்று தேதிகள் இருக்க, தலைப்பில் ஒன்றுக்குத்தான் இடம் கிடைக்கிறது. படிப்பவர் மனத்தில் அது நேற்றே நடந்துவிட்டதாகப் பதிந்துவிடுகிறது. பணம் தொடர்பான எந்தச் செய்தியைப் படித்தாலும் எந்தத் தேதி முதல் நடைமுறை என்ற வரியைத் தேடுங்கள். அந்த வரி இல்லாத செய்தியை வைத்துக்கொண்டு பார்ட்டிக்கு வாக்குக் கொடுக்க வேண்டாம்.

இவ்வளவு சொன்னாலும் உங்கள் வங்கியை நான் முழுக்க விடுவிக்கவில்லை. காலை 11 மணிக்குக் கவுண்டரில் போட்ட செக், அன்றே படம் எடுக்கப்பட்டு அனுப்பப்பட்டிருந்தால், முதல் கட்ட விதிப்படியே அன்று இரவு 7 மணிக்குள் பதில் வந்திருக்க வேண்டும். கணக்குத் தீர்ந்த ஒரு மணி நேரத்துக்குள் உங்கள் கணக்கில் ஏறியிருக்க வேண்டும். மறுநாள் மதியம் ஏறியதென்றால் எங்கோ ஓர் இடத்தில் அது காத்திருந்திருக்கிறது. அனுபவத்தை வைத்துச் சொன்னால் முதல் சந்தேகம் கிளையின் மீதுதான். செக்கைப் பெட்டியில் போட்டீர்களா, கவுண்டரில் கொடுத்து முத்திரையிட்ட ரசீது வாங்கினீர்களா என்பது பெரிய வித்தியாசம். பெட்டியை எப்போது திறப்பது என்பதும், சிறு கிளைகள் செக்குகளைச் சேர்த்து வேறொரு மையத்துக்கு அனுப்புவதும் அந்தந்த வங்கியின் ஏற்பாடு. இரண்டாவது சந்தேகம் படத்தின் தரம்: மங்கிய மை, மடிப்பு, எண் பட்டையில் கறை இருந்தால் மறுபடி அனுப்ப நேரும். மூன்றாவது, பாசிட்டிவ் பே. 50,000 ரூபாயோ அதற்கு மேலோ உள்ள செக்கை எழுதியவர் அதன் எண், தேதி, தொகை, பெறுபவர் பெயர் ஆகியவற்றைத் தம் வங்கிக்கு முன்கூட்டியே தெரிவிக்கும் வசதி 2021 ஜனவரி 1 முதல் இருக்கிறது; 5 லட்சமும் அதற்கு மேலும் என்றால் அதைக் கட்டாயமாக்க வங்கிகளுக்கு அனுமதி உண்டு. உங்கள் செக் அந்த வரம்புக்குக் கீழே இருந்தாலும், தெரிவிக்கப்படாத பெரிய செக்கைக் கொடுக்கும் வங்கி கொஞ்சம் நின்று பார்க்கும், சில நேரம் எழுதியவரைத் தொலைபேசியில் கூப்பிட்டும் கேட்கும். வங்கி விடுமுறை, இரண்டாம் நான்காம் சனிக்கிழமை, ஞாயிறு ஆகிய நாள்களில் செக் கிளியரிங் நடக்காது என்பதையும் தேதியோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி செக் அல்லாத வழிகள். ஆர்.டி.ஜி.எஸ். 2004 மார்ச்சில் வந்தது. 2 லட்சத்துக்குக் குறையாத தொகைக்கு. ஒவ்வொரு பரிமாற்றமும் ரிசர்வ் வங்கியில் உள்ள வங்கிகளின் கணக்குகளில் தனித்தனியாக, அந்தக் கணமே தீர்க்கப்படுவதால் இதைவிட உறுதியான வரவு நம் நாட்டில் இல்லை. 2020 டிசம்பர் 14 முதல் இரவு பகல் எந்நேரமும் நடக்கிறது. என்.இ.எஃப்.டி. 2005இல் தொடங்கியது, அரைமணி நேரத்துக்கு ஒரு தொகுப்பாக நாளுக்கு 48 தொகுப்புகள், 2019 டிசம்பர் 16 முதல் 24 மணி நேரமும். தொகுப்புத் தீர்ந்த இரண்டு மணி நேரத்துக்குள் உரியவர் கணக்கில் ஏற்றவோ திருப்பி அனுப்பவோ வேண்டும், தவறினால் ரெப்போ வட்டிக்கு (வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் தரும் வட்டி) மேல் 2 சதவீதம் சேர்த்து வங்கி தர வேண்டும். 3,80,000 ரூபாய் வர வேண்டிய உங்களைப் போன்றவர், வியாபாரி சம்மதித்தால், செக்குக்குப் பதில் ஆர்.டி.ஜி.எஸ். கேட்பதே எல்லா விதத்திலும் நல்லது. அனுப்புகிறவர் உங்கள் கணக்கு எண்ணைத் தட்டியதும் கணக்குக்கு உரியவர் பெயரைக் காட்டும் வசதியை இவ்விரண்டுக்கும் 2025 ஏப்ரல் 1க்குள் வங்கிகள் செய்துதர வேண்டும் என்று ஆணை இருக்கிறது. ஒரு இலக்கம் பிசகி யாருக்கோ பணம் போய், திரும்ப வாங்க மாதக்கணக்கில் அலைந்தவர்களைப் பார்த்தவன் என்பதால், அந்தப் பெயரைப் படிக்காமல் யாரும் அனுப்பக் கூடாது என்று வற்புறுத்திச் சொல்வேன்.

யு.பி.ஐ. விஷயத்தில் ஒரு நுட்பம் இருக்கிறது. 2016 ஏப்ரலில் அறிமுகமான இந்த முறையில் 2025 ஆகஸ்டில் மட்டும் 2,000 கோடிக்கு மேற்பட்ட பரிமாற்றங்கள் நடந்தன. இவ்வளவையும் ஒவ்வொன்றாக ரிசர்வ் வங்கியில் தீர்ப்பதில்லை. உங்கள் பார்ட்டி பொத்தானை அழுத்தியதும் அவருடைய வங்கி அவர் கணக்கில் பற்று வைக்கிறது. இந்திய தேசியப் பணப்பரிவர்த்தனைக் கழகமான என்.பி.சி.ஐ.யின் வழியாக உங்கள் வங்கிக்கு இவருக்கு வரவு வை என்று செய்தி போகிறது. உங்கள் வங்கி வரவு வைத்துச் சரி என்கிறது. வங்கிகள் ஒன்றுக்கொன்று கொடுக்க வேண்டிய உண்மையான பணம், நான் மேலே சொன்ன கிளியரிங் மேசையின் கணக்கைப் போலவே, நிகரத் தொகையாக நாளுக்குப் பல சுற்றுகளில் தீர்க்கப்படுகிறது. உங்கள் கணக்கில் ஏறிவிட்டால் அந்தத் தீர்வைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை, அது வங்கிகளின் பொறுப்பு. சிக்கல் வருவது நடுவில்: அனுப்பியவர் கணக்கில் பற்று விழுந்து, உங்கள் வங்கியிடமிருந்து பதில் உரிய நொடிகளுக்குள் வராமல் போனால், அது முடிந்ததாகக் கருதி அனுப்பியவர் திரையில் வெற்றி என்று காட்டப்படுவதுண்டு. உங்களுக்கு வரவு பிறகு வரும், வராவிட்டால் அவருக்குத் திரும்பும். உங்கள் பணம் ஒரு நாள் தாமதித்தது பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். இதற்கு ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பர் 20 அன்று கெடு வைத்திருக்கிறது: ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் போகும் பணம் வரவாகாவிட்டால் மறுநாளுக்குள் திரும்ப வேண்டும், கடைக்குச் செலுத்தியதென்றால் 5 நாள்களுக்குள்; அதைத் தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீட்டை வாடிக்கையாளர் கேட்காமலேயே வங்கி தர வேண்டும்.

இதிலிருந்து நடைமுறைக்கு ஒரு விதி கிடைக்கிறது. எதிராளியின் கைப்பேசித் திரை எதைக் காட்டினாலும் அது உங்களுக்குச் சான்று ஆகாது. அது உண்மையான வெற்றித் திரையாக இருந்தாலும் ஆகாது, போலித் திரைகளோ ஏராளம். உங்கள் வங்கியின் குறுஞ்செய்தியைக்கூட முழுதாக நம்பாமல், கணக்கைத் திறந்து இருப்பைப் பார்த்த பிறகே துணிக்கட்டை வண்டியில் ஏற்றுங்கள். ஆர்.டி.ஜி.எஸ்., என்.இ.எஃப்.டி. என்றால் யு.டி.ஆர். எனப்படும் பரிமாற்ற அடையாள எண்ணைக் கேட்டு வாங்குங்கள். தாமதமானால் வங்கியில் தேடிப் பார்க்க அது உதவும், ஆனால் எண் கிடைத்ததாலேயே பணம் வந்துவிட்டதாக ஆகாது.

2,000 ரூபாய்க்கு மேல் வரி என்பது உண்மை அன்று. வேறொரு உண்மையிலிருந்து முளைத்த வதந்தி அது, எப்படி முளைத்தது என்பதைச் சொன்னால்தான் அடுத்த முறை வரும்போது அடையாளம் தெரியும். வங்கிக் கணக்கிலிருந்து அல்லாமல் வாலட் போன்ற முன்செலுத்து இருப்பிலிருந்து யு.பி.ஐ. வழியாகக் கடைக்கு 2,000 ரூபாய்க்கு மேல் செலுத்தினால், 1.1 சதவீதம் வரை ஓர் இடைக்கட்டணம் உண்டு என்று 2023 மார்ச்சில் செய்தி வந்தது. அது நிறுவனங்கள் தங்களுக்குள் கொடுத்து வாங்குவது. செலுத்துகிற வாடிக்கையாளருக்குக் கட்டணம் இல்லை, வங்கிக் கணக்கிலிருந்து வங்கிக் கணக்குக்குப் போவதற்கு எதுவுமே இல்லை என்று என்.பி.சி.ஐ. உடனே விளக்கியது. அதற்குள் 2,000 என்ற எண் மட்டும் மக்கள் மனத்தில் தங்கிவிட்டது. 2025 ஏப்ரலில் அதே 2,000க்கு மேல் ஜி.எஸ்.டி. என்று கிளம்பியபோது நிதி அமைச்சகம் மறுத்தது. அதே ஆண்டு ஜூனில் கடைக்காரர் கட்டணம் வருகிறது என்று பேச்சு கிளம்பியபோதும் மறுத்தது. யு.பி.ஐ.க்குக் கடைக்காரரிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்ற ஏற்பாடு 2020 ஜனவரி 1 முதல் இருக்கிறது. இது என்றைக்கும் மாறாது என்று நான் உறுதி சொல்லமாட்டேன். இந்த அமைப்பை நடத்தும் செலவை யாராவது ஏற்க வேண்டும் என்பதால் அந்த விவாதம் ஓயப்போவதில்லை. மாறினால் அது அரசாணையாக, தேதியோடு வரும்; தொலைக்காட்சி முத்திரை ஒட்டிய படமாக வாட்ஸ்அப்பில் வராது. அப்படிப்பட்ட படம் வந்தால் மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகம் நடத்தும் உண்மை சரிபார்ப்புப் பக்கத்தையும் ரிசர்வ் வங்கியின் இணையதளத்தையும் பார்ப்பதற்கு இரண்டு நிமிடம் போதும்.

செய்தித்தாள்களைக் குறைசொல்வது என் நோக்கம் அன்று. ஈரோட்டு மஞ்சள் விலை, நாமக்கல் முட்டை விலை, கொப்பரை ஏலம் ஆகியவற்றை நம் பகுதிப் பதிப்புகள் நாள்தோறும் தருகின்றன, அந்த எண்களை வைத்தே பல லட்சம் ரூபாய்க்குப் பேரம் முடிகிறது; அவை தப்புவது அபூர்வம். காரணம், நிருபர் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் நின்று ஏலத்தைப் பார்க்கிறார், அல்லது விலையை நிர்ணயிக்கும் அமைப்பே அதைத் தருகிறது. ரிசர்வ் வங்கிச் செய்தியோ மும்பையில் ஆங்கிலத்தில் பிறந்து, செய்தி நிறுவனத்தின் சுருக்கமாகி, மொழிபெயர்ப்பாகி, தலைப்புக்காக இன்னும் சுருங்கி நம்மிடம் வருகிறது. ஒவ்வொரு கட்டத்திலும் முதலில் உதிர்வது நிபந்தனைகள்தான்.

அந்த உதிர்தல் எவ்வளவு அச்சத்தை விளைவிக்கும் என்பதைக் கரூர் 2020இல் அனுபவித்தது. 1926இல் அந்த ஊர் வணிகர்கள் தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கியின் மீது நவம்பர் 17 அன்று தடை உத்தரவு வந்தது. டிசம்பர் 16 வரை 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது என்று திரையெங்கும் ஓடியது. அன்று மாலையே டி.பி.எஸ். வங்கியின் இந்தியப் பிரிவோடு இணைப்பதற்கான வரைவுத் திட்டத்தையும் ரிசர்வ் வங்கி வெளியிட்டிருந்தது, வைப்பாளர் நலன் காக்கப்படும் என்றும் சொல்லியிருந்தது. இந்த இரண்டாம் பாதி பலருக்குப் போய்ச் சேரவில்லை. நவம்பர் 27 அன்று இணைப்பு நடந்து தடை நீங்கியது, வைப்புத் தொகை முழுதும் கிடைத்தது. பங்கு வைத்திருந்தவர்களுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. ஓய்வுப் பணத்தை அங்கே போட்டிருந்த முதியவர்கள் அந்தப் பத்து நாள்களைத் தூக்கமில்லாமல் கழித்தார்கள் என்பதை நினைக்கும்போது, அறிவிப்பின் இரண்டாம் பாதியையும் முதல் பாதியின் அளவுக்கே உரக்கச் சொல்ல வேண்டிய கடமை செய்தித் துறைக்கு இருக்கிறது என்பதில் எனக்கு ஐயமே இல்லை.

செயலி பற்றிய கடைசிக் கேள்விக்குச் சுருக்கமாகவே பதில் சொல்லலாம். நீங்கள் பயன்படுத்தும் செயலி எந்த நாட்டுக் கம்பெனியுடையதாக இருந்தாலும் பணம் அதற்குள் இல்லை, உங்கள் வங்கிக் கணக்கில் இருக்கிறது. செய்தி போகும் பாதையும் பெரும்பாலும் இந்திய வங்கிகளுக்கு உரிமையான என்.பி.சி.ஐ.யுடையது. ஒரு செயலி நின்றால் வேறொன்றில், அல்லது உங்கள் வங்கியின் சொந்தச் செயலியில் அதே கணக்கை இணைத்துக்கொள்ளலாம். பணப்பரிமாற்றத் தரவுகள் இந்தியாவிலேயே சேமிக்கப்பட வேண்டும் என்றும் 2018 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி ஆணையிட்டிருக்கிறது. 2022 மார்ச்சில் விசாவும் மாஸ்டர்கார்டும் ரஷ்யாவில் சேவையை நிறுத்தியபோது, அந்நாட்டு வங்கிகள் வழங்கிய அட்டைகள் உள்நாட்டுக்குள் தொடர்ந்து வேலை செய்தன. 2014இல் ரஷ்யா தொடங்கிய சொந்த அமைப்பின் வழியாக உள்நாட்டுக் கணக்குகள் தீர்க்கப்பட்டதே காரணம். வெளிநாட்டில் அந்த அட்டைகள் பயன்படவில்லை. நம் ரூபே அட்டையும் யு.பி.ஐ.யும் இருக்கும்வரை உள்ளூர்ப் பணம் குறித்து அந்த அச்சம் நமக்குத் தேவையில்லை.

இப்போது நீங்கள் செய்யக்கூடியது. ரசீதை எடுத்துக்கொண்டு கிளைக்குப் போய், இந்தச் செக் எந்த நாளில் எத்தனை மணிக்குக் கிளியரிங்குக்கு அனுப்பப்பட்டது, எப்போது சம்மதம் வந்தது என்று இரண்டே விவரங்களை எழுத்தில் கேளுங்கள். இரண்டும் அவர்கள் கணினியில் இருக்கும். அன்றே அனுப்பி, சம்மதமும் அன்றே வந்து, வரவு மட்டும் தாமதித்திருந்தால் வங்கி தன் செக் வசூல் கொள்கைப்படி வட்டி தரக் கடமைப்பட்டது. எழுத்துப் புகாருக்கு 30 நாள்களில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் ஒம்புட்ஸ்மன் என்னும் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றிப் புகார் செய்யலாம். 14448 என்ற எண்ணில் வழி கேட்டுக்கொள்ளலாம்.

கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நீங்கள் வாங்குபவர் மட்டும் அல்லர், நூலுக்குச் செக் கொடுப்பவரும்கூட. இன்று செக்கைக் கொடுத்துவிட்டு, கிளியரிங்குக்குப் போய் வர ஒரு நாளாவது ஆகும், அதற்குள் நாளை வசூலை ஏற்றிவிடலாம் என்ற கணக்கில்தான் நம் பகுதி நூல் வியாபாரத்தின் பாதி ஓடிக்கொண்டிருந்தது. 2025 அக்டோபர் 4க்குப் பிறகு அந்த ஒரு நாள் இல்லை. காலையில் போடப்படும் உங்கள் செக் அன்று மாலைக்குள் உங்கள் கணக்கைத் தட்டும். அந்த நேரத்தில் இருப்பு இல்லையென்றால் ரிட்டர்ன் ஆகும், ரிட்டர்ன் ஆனால் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆம் பிரிவு தயாராக இருக்கிறது: செக் திரும்பிய தகவல் கிடைத்த 30 நாள்களுக்குள் எதிராளி நோட்டீஸ் அனுப்பலாம், நோட்டீஸ் கிடைத்த 15 நாள்களுக்குள் நீங்கள் பணத்தைக் கட்டியாக வேண்டும், இல்லையென்றால் வழக்கு. பின்தேதியிட்டுக் கொடுத்திருக்கும் செக்குகளின் பட்டியலை இந்த வாரமே எடுத்து, ஒவ்வொரு தேதிக்கும் முந்திய நாளிலேயே கணக்கில் பணம் இருக்கும்படி வசூலை மாற்றி அமைத்துக்கொள்ளுங்கள். முடியாத தேதி எது என்று தெரிந்தால் நூல் கடைக்காரரிடம் முன்கூட்டியே பேசி, அந்தச் செக்கைத் திரும்ப வாங்கி வேறு தேதியிட்டுக் கொடுங்கள்.